சம்பா அறுப்புக்கு பரோல்: எந்த விடுப்பு, எப்போது மனு, தண்டனைக் கணக்கில் சேருமா?

வெண்ணாற்றங்கரை
நீடாமங்கலம் பக்கம் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். வீட்டுக்காரர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, திருச்சி மத்திய சிறையில் ஏழாவது வருஷமாக இருக்கிறார். சொந்தமாக ஆறு மா (ஒரு மா சுமார் 33 சென்ட்), கோயில் குத்தகை மூணு மா. வீட்டில் மனைவியும் பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பிள்ளைகளும்தான். போன சம்பாவுக்கு டிசம்பர் கடைசியில் ‘அவசர விடுப்பு’ என்று எழுதி மனு கொடுத்தார்கள். மார்ச்சில் ‘பரிசீலிக்க இயலாது’ என்று பதில் வந்தது. அதற்குள் வைக்கோலையே விற்றாயிற்று. இந்த வருஷம் எப்படிப் போடுவது? வெளியில் இருக்கிற நாள் தண்டனையில் கழியுமா? ஊரில் இன்னொரு பேச்சும் இருக்கிறது: “கொலை செஞ்சவனுக்கு அறுப்புக்கு லீவா, அப்புறம் என்ன தண்டனை?” இதற்கு என்ன பதில் சொல்வது?

கோர்ட்டுவாசல்
மனுவின் தலைப்பே தப்பு தோழர். நம் மாநிலத்தில் இதற்கு 1982ஆம் வருஷத்து தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்தான். அதில் அவசர விடுப்பு என்பது நெருங்கிய ரத்த உறவு அல்லது மனைவியின் சாவு, கடும் நோய், கல்யாணம் மாதிரி காரியங்களுக்கு. அறுப்பு அதில் வராது. சாதாரண விடுப்பில் வரும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வீடு பழுது பார்ப்பது, பாகப்பிரிவினை இவற்றோடு ‘விதைப்பு, அறுவடை போன்ற விவசாய வேலைகள்’ என்று 20ஆம் விதியிலேயே அச்சாகி இருக்கிறது. மனுவின் முதல் வரியில் அந்த விதி எண்ணைப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் சிறைத்துறை கையை விரித்துவிடும். அந்த அப்பீலிலேயே பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 430ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் அலைகிறார்கள். திருவாரூர் செஷன்ஸ் தீர்ப்பின் அப்பீல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகும். திருச்சி சிறை நிராகரித்ததை எதிர்த்து ரிட் மனு போடுவது அதன் மதுரைக் கிளையில். ஒரே ஆளுக்கு ரெண்டு ஊர்.

மனு சிறைக் கண்காணிப்பாளர் வழியாகச் சிறைத்துறைச் சரக டிஐஜிக்குப் போகும். நடுவில் நன்னடத்தை அலுவலர் அறிக்கை, உள்ளூர் ஸ்டேஷன் அறிக்கை ரெண்டும் வந்து சேர வேண்டும். தாமதமெல்லாம் இந்த இடத்தில்தான். தை கடைசியில் அறுப்பு என்றால் ஐப்பசி பிறப்பதற்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். தேதியைக் குறித்துக் கேட்காதீர்கள். கார்த்திகை மழையில் பயிர் சாய்ந்தால் அறுப்பு முன்னே பின்னே போகும். ‘ஜனவரி 20க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில்’ என்று கேளுங்கள்.

இணைப்பில் சிட்டாவும் (நிலம் யார் பேரில் என்கிற பதிவு) நடப்புப் பசலி, அதாவது வருவாய்த்துறை ஆண்டின், அடங்கலும் (வயலில் என்ன பயிர் என்கிற பதிவு) இருக்க வேண்டும். பசலி ஜூலை 1இல் மாறுகிறது. பழைய பசலி அடங்கலை வைத்தால், இந்த வருஷம் வயலில் பயிர் இருக்கிறதற்கு அது சாட்சி ஆகாது. குத்தகை மூணு மாவுக்குக் கோயில் ரசீது வையுங்கள்.

கீழத்தெரு
மேலே சொன்னது சரி. ஆனால் காகிதம் சுத்தமாக இருந்தும் மனு விழுகிற இடம் ஸ்டேஷன் அறிக்கை. ‘இவர் வந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்’ என்று ஒற்றை வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். இறந்தவர் வீடு அதே தெருவில் இருந்தால் அந்த வரி சும்மா வந்ததும் இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் கோலம் போடும்போது இவர் எதிரே நடந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்கணும்.

அதனால் தங்குகிற இடத்தை மனுவிலேயே மாற்றிக் கொடுங்கள். பக்கத்து ஊரில் மைத்துனர் வீடு, பகலில் வயல், இரவில் அங்கே, தினம் ஸ்டேஷனில் கையெழுத்து. இப்படி நீங்களே நிபந்தனையைச் சொல்லிவிட்டால் மறுக்கிறவர் அதற்கும் சேர்த்துக் காரணம் எழுத வேண்டி வரும். காரணமே இல்லாத ஒற்றை வரி உயர்நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

இன்னொன்று. ‘அறுப்புக்குத்தான் மெஷின் இருக்கிறதே, ஆள் எதற்கு?’ என்று விசாரணைக்கு வருகிறவர் கேட்பார். நியாயமான கேள்விதான். செயின் மெஷின் ஒரு மாவை நிமிஷத்தில் அறுத்துக் கொட்டிவிடும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். களத்தில் நெல்லைக் காயவைத்து ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குள் இறக்கணும், கருக்காயை (மணி பிடிக்காத நெல்லை) தூற்றணும், கொள்முதல் நிலையத்தில் முறை வருகிறவரை ராத்திரி குவியலுக்குக் காவல் படுக்கணும், குத்தகை அளக்கணும், சொசைட்டிக் கடனைத் திருப்பணும். இதை நாலு வரியில் மனுவில் எழுதுங்கள். ‘விவசாயப் பணி’ என்று மொட்டையாக விட்டால் அறிக்கையும் மொட்டையாகத்தான் வரும்.

வழிக்காவலோடு (கூடவே போலீஸ் வருகிற மாதிரி) விடுப்பு தந்தால் வயலில் ஒரு பிரயோஜனமும் இல்லை. காவல் இல்லாமல் என்று தெளிவாகக் கேளுங்கள்.

பழைய_பசலி
தண்டனைக் கணக்கு பற்றி. கழியாது. பெயரே தண்டனை நிறுத்திவைப்பு. நிறுத்திய நாள் ஓடாது. பரோல் நாட்களை உண்மையான சிறைவாசத்தில் சேர்க்கக் கூடாது என்று உச்சநீதிமன்றமும் 2023 ஜனவரியில் கோவா வழக்கொன்றில் சொல்லிவிட்டது. இவர் வழக்கில் முன்விடுதலைக்கு (ஆயுள் முடியும் முன்னே விடுவிப்பதற்கு) முழுசாக 14 வருஷம் உள்ளே இருந்திருக்க வேண்டும் (பிஎன்எஸ்எஸ் 475). இதுவரை எல்லா விடுப்பும் சேர்ந்து 90 நாள் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தேதி 90 நாள் தள்ளிப்போகும். அதுவும் அன்றைக்குக் கதவு திறக்கும் என்று அர்த்தம் இல்லை; அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். இதைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பேச்சுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அவருக்கு யாரும் தண்டனையைக் குறைக்கவில்லை. வெளியில் இருந்த ஒவ்வொரு நாளையும் திரும்பி வந்து உள்ளே கழிக்கிறார். பழிக்குப் பதில், மற்றவருக்குப் பயம், ஊரிலிருந்து விலக்கி வைப்பது, ஆளைத் திருத்துவது என்று தண்டனைக்கு நாலு நோக்கம் சொல்வார்கள். முதல் மூன்றையும் தீர்ப்பும் மதிலும் பார்த்துக்கொள்கின்றன. நாலாவது மதிலுக்குள் மட்டும் நடக்காது. பதினாலோ இருபதோ வருஷம் கழித்து வெளியே வருகிற ஆளுக்கு நிலமும் இல்லை, பிள்ளைக்கு அவர் முகமும் தெரியாது என்றால், சிறை ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் விட்டது? 2017இல் அஸ்ஃபாக் வழக்கில் உச்சநீதிமன்றம் பரோலைக் குடும்ப உறவோடும் சீர்திருத்தத்தோடும் சேர்த்துத்தான் பேசியது. ஆனால் கீழத்தெரு சொன்னதையும் மறக்கக் கூடாது. இறந்தவர் குடும்பத்துக்கு இந்த வாதத்தைப் போய்ச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு இழப்பீடு முழுசாக வந்ததா என்று விசாரித்தால் அது வேறு பேச்சு.

வெண்ணாற்றங்கரை
நன்றி தோழர்களே. மனு இந்த வாரமே போகும். ஒருவேளை இந்தத் தடவையும் விழுந்தால்? நிலம் அவர் பேரில், சொசைட்டிக் கணக்கும் அவர் பேரில்.

கோர்ட்டுவாசல்
அதற்கு விடுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மனைவி பேருக்குப் பொது அதிகாரப் பத்திரம் போட்டு வையுங்கள். சிறையில் இருப்பவர் பத்திர ஆபீஸுக்கு நேரில் வர வேண்டியதில்லை. பதிவுச் சட்டம் 33, 38 பிரிவுகள் விலக்குத் தருகின்றன. கண்காணிப்பாளருக்கு ஒரு மனு, சார்பதிவாளருக்கு ஒரு மனு. அவர் மனமொப்பித்தான் எழுதிக் கொடுக்கிறார் என்று சார்பதிவாளர் சிறையிலேயே விசாரித்துச் சான்று போடலாம். பத்திரத்தில் நெல் விற்பது, கொள்முதல் பணம் வாங்குவது, கடன் கட்டிப் புதுப்பிப்பது, குத்தகை செலுத்துவது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ‘நிலத்தை விற்க’ என்ற வரி பழைய மாதிரிப் பத்திரத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். அது இருந்தால் பங்காளிகள் சும்மா இருக்க மாட்டார்கள்.

கீழத்தெரு
விடுப்பு கிடைத்தால் திரும்புகிற நாளை மட்டும் கவனியுங்கள். சாயங்காலத்துக்குள் என்று உத்தரவில் இருந்தால் மன்னார்குடியில் மத்தியான பஸ்ஸை நம்பாமல் காலையிலேயே கிளம்பச் சொல்லுங்கள். தாமதமாகப் போனால் சிறைக் குற்றமாகப் பதிவார்கள். தண்டனைக் கழிவு (நன்னடத்தைக்காகக் குறைக்கிற நாட்கள்) போகும், அடுத்த சம்பாவுக்கான மனுவும் அங்கேயே போகும்.