சிங்கோனியம் கல்ச்சர்: தளிர் குவியுது, வேர் மட்டும் வரலை

இலைப்பிரியன்:
வெள்ளை திட்டு விழுந்த சிங்கோனியம், அலங்கார இலைச்செடி. பாட்டில்ல திசு வளர்ப்பு (டிஷ்யூ கல்ச்சர்) பண்றேன். கணுத்துண்டை எம்.எஸ். மீடியாவில் (செடித் திசுவுக்கான சத்துக்கலவை) வச்சிருக்கேன், லிட்டருக்குத் தளிர் ஹார்மோன் பி.ஏ.பி. 3 மி.கி., வேர் ஹார்மோன் என்.ஏ.ஏ. 0.1 மி.கி. ஒவ்வொரு சப்கல்ச்சரிலும் (பிரிச்சுப் புது பாட்டிலுக்கு மாத்துறப்பவும்) இதே மீடியாதான். பாட்டில் முழுக்கத் தளிர், ஆனா எல்லாம் குட்டைக் குட்டையா ஒட்டிக்கிட்டு நிக்குது. அடியில இருக்கிறது கண்ணாடி மாதிரி பளபளன்னு, தொட்டா நொறுங்குது. வேர் ஒண்ணுகூட இல்லை. என்.ஏ.ஏ.வை 1 மி.கி.க்கு ஏத்தட்டுமா? இல்லை, கட்டிங்குக்குத் தடவுற வேர்ப்பவுடரைக் கலக்கட்டுமா?

குடுவைக்காரி:
ரெண்டும் வேண்டாங்க. குறைக்க வேண்டிய இடத்துல கூட்டப் பாக்குறீங்க.

ஆக்சின் (உங்க என்.ஏ.ஏ. அந்த வகை) ஓங்கினா வேர், சைட்டோகைனின் (உங்க பி.ஏ.பி.) ஓங்கினா தளிர், ரெண்டும் ஈடா நின்னா வெறும் கேலஸ், அதாவது வேரும் தளிரும் இல்லாத செல் கட்டி. ஸ்கூக், மில்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1957லேயே புகையிலைத் திசுவில் காட்டினது இது. உங்க மீடியாவில் ஆக்சின் ஒரு பங்குன்னா சைட்டோகைனின் முப்பது பங்கு. அப்புறம் வேர் எங்கேர்ந்து வரும்? அதே பி.ஏ.பி.யை விட்டுட்டு என்.ஏ.ஏ.வை மட்டும் ஏத்தினா அடிப்பாகம் கேலஸ் கட்டி உப்பும், அவ்வளவுதான்.

கொத்தைப் பிரிச்சு, ஹார்மோனே இல்லாத எம்.எஸ்.ஸில் ஒரு சுற்று விடுங்க. லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம் ஆக்டிவேட்டட் சார்க்கோல் போட்டா, வெளிய கசியிற பி.ஏ.பி.யை அது உறிஞ்சிக்கும். திசுவுக்குள்ள தேங்கினது கரைய நாளாகும், அவசரப்படாதீங்க. தண்டு நீண்ட பிறகு அரை வலு (சத்து பாதியாக்கின) எம்.எஸ்., லிட்டருக்கு ஐ.பி.ஏ. (இன்னொரு ஆக்சின்) 0.5 மி.கி. சிங்கோனியம் பல நேரம் அதுகூட இல்லாமலே வேர் விடும். கண்ணாடித் தளிரை நான்னா தூக்கிப் போட்டுடுவேன். மீடியாவை உறைய வைக்கிற அகாரைக் கொஞ்சம் கெட்டியாக்குங்க, காத்து போற மூடி போடுங்க.

வேர்ப்பவுடர்ல பெரும்பகுதி டால்க். அது கரையாது, பாட்டிலுக்குள்ள அதுக்கு வேலையில்லை.

மில்லிகிராம்:
அந்த 3 மி.கி.யை எதுல எடை போட்டீங்க? 0.01 கிராம் தராசோட கடைசி இலக்கமே 10 மி.கி. நீங்க போட்டது 3ஆ 12ஆன்னு அதுக்குத் தெரியாது. 100 மி.கி. பி.ஏ.பி.யைச் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடுல கரைச்சு, தண்ணி ஊத்தி 100 மி.லி. ஆக்குங்க. அதுல 1 மி.லி. எடுத்தா சரியா 1 மி.கி. அந்த 100 மி.கி.க்கும் 0.001 கிராம் காட்டுற தராசு வேணும்.

இலைப்பிரியன்:
0.01 தராசுதான். போச்சு. கேலஸ் வந்தா வெள்ளைத் திட்டு போயிடுமா?

குடுவைக்காரி:
போக வாய்ப்பு அதிகம். இந்தத் திட்டு பெரும்பாலும் கைமீரா: பச்சையமுள்ள செல் அடுக்கும் இல்லாத அடுக்கும் சேர்ந்தே வளருது. கணுமொட்டுத் தளிர்ல அந்த அடுக்கு அப்படியே வர வாய்ப்பு உண்டு. கேலஸ்ல ஒரு செல்லுலேர்ந்து கிளம்பினா முழுப் பச்சை, இல்லை முழு வெள்ளை. முழு வெள்ளையைப் பார்த்து மயங்கிடாதீங்க. மீடியாவில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உயிர். மண்ணுக்கு வந்தா தானா உணவு தயாரிக்க முடியாது.

இலைப்பிரியன்:
பழைய பாட்டில்ல பாதி பச்சைத் தளிர் சிலது இருக்கு. அதை மட்டும் பிரிச்சு ஹார்மோன் இல்லாத மீடியாவுக்கு மாத்துறேன். தராசு வாங்கின பிறகுதான் பி.ஏ.பி. டப்பாவைத் திறப்பேன்.