இதய வடிவத் தக்காளி: சில செடிகளில் வடிவம் மாறுகிறது, எதில் விதை எடுப்பது?

கொடிப்பந்தல்:
ஆக்ஸ்ஹார்ட் ரகம். போன பருவத்தில் நல்ல இதய வடிவப் பழம் ஒன்றிலிருந்து எடுத்த விதை. அப்போது பக்கத்திலேயே உருண்டைத் தக்காளியும் பூத்திருந்தது. இப்போது 20 லிட்டர் பைகளில் ஆறு செடிகள் நிற்கின்றன. நான்கில் இலை மெலிந்து தொங்குகிறது, முதல் கொத்துக் காய்கள் கோணல்மாணலாக அடியில் தழும்போடு இருக்கின்றன, அடுத்த கொத்துகள் இதய வடிவம்தான். மீதி இரண்டில் இலை சாதாரணமாக இருக்கிறது, ஆனால் எல்லாக் கொத்திலும் தட்டை உருண்டைக் காய். சில இதயக் காய்களின் நுனி கறுத்துப் போகிறது. எதைப் பிடுங்குவது, எதை விதைக்கு வைப்பது?

மண்வாசம்:
மெலிந்த, தொங்கும் இலை இந்த வகைத் தக்காளிகள் பலவற்றின் பிறவிக் குணம். நோய் என்று நினைத்து மருந்து அடிக்க வேண்டாம். அதிகாலையில் பாருங்கள்: குருத்து பச்சையாக, மஞ்சள் பாயாமல், ஓரம் மேல்நோக்கிச் சுருளாமல் இருந்தால் கவலையில்லை. தொங்குகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் தொட்டுப் பார்த்தே ஊற்றுங்கள்.

முதல் கொத்தின் கோணலுக்குக் காரணம் ஒட்டிப் பிறந்த பூக்கள். சாதாரணப் பூவில் ஐந்தாறு இதழ் இருக்கும். ஒட்டிய பூவில் பத்துக்கு மேல் இதழும், நடுவில் நாடா போல அகன்ற சூல்முடியும் (மகரந்தம் ஒட்டும் நுனி) தெரியும். மொட்டு உருவாகும்போது இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இது கூடும். அத்தகைய பூவை அப்போதே கிள்ளிவிட்டால் செடியின் சக்தி மிச்சம். வடிவத்தை இரண்டாம் கொத்திலிருந்து மதிப்பிடுங்கள்.

விதைக்குடுவை:
தட்டை உருண்டை வரும் இரண்டைப் பற்றி. காயின் வடிவம் தாய்ச்செடியின் சூலகத்திலேயே தீர்மானமாகிறது. இந்தப் பருவத்தில் எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தக் காய் மாறாது. கலப்பு தெரிவது அந்தக் காயின் விதையிலிருந்து முளைக்கும் செடியில்தான். ஆகவே கலப்பு போன பருவத்திலேயே நடந்துவிட்டது. இலையும் வேறாக இருப்பதால் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றின் பழத்தைச் சாப்பிடுங்கள், விதை எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த தலைமுறையில் இதயம், உருண்டை, இடைப்பட்டது எல்லாம் கலந்து வரும். நிலைப்படுத்த ஆறேழு தலைமுறை ஆகும்.

எல்லோரும் செய்யும் தவறு, செடியைப் பார்க்காமல் 'அழகான பழத்தை' தேடுவது. ஒரே செடியின் எல்லாப் பழத்துக்கும் தாய்வழி மரபு ஒன்றே. நான்கு செடிகளுக்கும் தனித்தனி அட்டை கட்டி, இரண்டாம் கொத்திலிருந்து நான்காம் கொத்து வரை எத்தனை காய் கூர்நுனியோடு வருகிறது, தோள் (காம்பை ஒட்டிய மேல்பகுதி) வெடிக்கிறதா, வெயில் ஏறும்போது பூ நிற்கிறதா என்று குறித்து வாருங்கள். பத்தில் எட்டு காய் ஒழுங்காகத் தரும் செடிதான் தாய். ஒரே ஒரு அபார இதயத்தைத் தந்து மற்றதில் சொதப்பும் செடி அல்ல. ஒரு பழத்தை மேலிருந்து நுனிவரை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். சதை நுனிவரை நிறைந்து, நடுவில் வெள்ளைக் கட்டை சிறிதாக இருக்க வேண்டும்.

இனி கலப்பைத் தடுக்க, தேர்ந்த செடியில் மொட்டு விரியும் முன் கொத்துக்கு மெல்லிய வலைப்பை கட்டுங்கள். காலையில் பனி காய்ந்ததும் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, அந்தக் காம்பில் வண்ண நூல் கட்டிவிடுங்கள். பகல் 32, இரவு 24 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரலாம். அந்த நாட்களின் உதிர்வை மட்டும் செடியின் குறையாகக் கணக்கிடாதீர்கள்.

மண்வாசம்:
நுனிக் கறுப்பு கால்சியம் காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருவது. நீண்ட, கூர்நுனிக் காய்களுக்கு இது அதிகம். மண்ணில் கால்சியம் இருந்தாலும் பை ஒருநாள் காய்ந்து மறுநாள் நிரம்பினால் வரும். மண்மேல் ஐந்து செ.மீ. மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) போட்டு, சீராகத் தண்ணீர் விடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்தை நிறுத்துங்கள். இலையில் கால்சியம் தெளித்தால் அது காய்க்குப் பெரும்பாலும் இறங்காது. முட்டை ஓடு மட்கவே நெடுநாள் ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. கறுத்த காயைப் பறித்துவிடுங்கள்.

கொடிப்பந்தல்:
தெளிவாகிவிட்டதுங்க. பழத்தில் விதை மிகக் குறைவாக இருக்கிறதே, அது சரியா?

விதைக்குடுவை:
சரிதான், இவை சதை மிகுந்த ரகங்கள். அதனால் ஒரே செடியின் நான்கைந்து பழங்களைச் செடியிலேயே நன்கு பழுக்கவிட்டு எடுங்கள். விதையைச் சாற்றோடு கண்ணாடிக் குவளையில் இட்டு, துணி மூடி, தினமும் கலக்கி இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளே போதும். அதற்கு மேல் விட்டால் குவளையிலேயே முளை விடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதை அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். செடி எண்ணையும் ஆண்டையும் உறையில் எழுதிய பிறகே விதையைப் போடுங்கள். இரண்டு செடியின் விதையை ஒரே உறையில் கலக்கவே கூடாது.