புதுப்பிப்பு: பழைய ஃப்ரிட்ஜ் விளம்பரமும் க்யூஆர் கோடு அனுப்பிய "ராணுவ வீரரும்"

விற்பதற்காக நான் விளம்பரம் போட்ட பழைய ஃப்ரிட்ஜை நேரில் பார்க்காமல், பேரமும் பேசாமல், "ராணுவத்தில் இருக்கிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் 8,000 ரூபாய் வந்துவிடும்" என்று ஒருவர் சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "ஸ்கேன் பண்ணாதீங்க, உங்க யுபிஐ ஐடிக்கே போடச் சொல்லுங்க" என்ற யோசனைதான். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம் என்று அவருக்கு எழுதினேன். "மிலிட்டரி அக்கவுண்ட்டில் அப்படி அனுப்ப முடியாது" என்றார். (நல்ல அக்கவுண்ட்!) கேட்காமலே அடையாள அட்டைப் படமும் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "80,000 வரவு" என்று ஒரு எஸ்எம்எஸ். அடுத்த நொடியே போன்: "சார், ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், 72,000 திருப்பி அனுப்புங்க, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க." வங்கி ஆப்பில் பார்த்தால் இருப்பு அப்படியே இருந்தது. எஸ்எம்எஸ் வந்தது சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து. வங்கிச் செய்திகள் எழுத்துகள் கொண்ட பெயரில்தான் வரும். "உங்க வங்கியில் சொல்லுங்க, அவங்களே திரும்ப எடுத்துக்கட்டும்" என்றேன். கொஞ்சம் திட்டிவிட்டு பிளாக் செய்துவிட்டார்.

ஃப்ரிட்ஜ் பக்கத்துத் தெருக்காரருக்குப் போனது. ரொக்கம்.

பணம் போகாததால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேகத்துக்குரிய அழைப்புகளையும் செய்திகளையும் புகார் செய்வதற்கான 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்தேன். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.