ஜிஎஸ் 1250-லிருந்து ஹிமாலயன் 450-க்கு: எதையெல்லாம் மாத்தணும்?

கேள்வி:
249 கிலோ பிஎம்டபிள்யூ ஜிஎஸ் 1250 பைக்கை விட்டு 196 கிலோ ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு வரப்போறேன். கொல்லிமலை, வால்பாறை மாதிரி ரூட்தான் அதிகம். ஓட்டும் முறை, பராமரிப்பு, லக்கேஜ் மூணுலயும் எதைக் கவனிக்கணும்?

பதில் 1:
முதல்ல கியர். ஜிஎஸ்-ல டார்க் (என்ஜினோட சுழற்று விசை) 143 நியூட்டன் மீட்டர், ஹிமாலயன்ல 40, அதுவும் என்ஜின் நிமிஷத்துக்கு 5500 தடவை சுத்தும்போதுதான். கொண்டை ஊசி வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே இரண்டாவது கியருக்கு வந்துடுங்க. மூணாவதுல இழுத்தா என்ஜின் திணறி நடு வளைவுல அணையும். ஏத்தத்துல வண்டி சாயறது பெரும்பாலும் இப்படித்தான்.

பதில் 2:
ஜிஎஸ்-ல பின்சக்கரத்தைச் சுத்தறது ஷாஃப்ட் (இரும்புத் தண்டு), இதுல செயின். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைச்சு லூப் (செயின் மசகு) போடுங்க, மழையில ஓட்டினா அன்னைக்கே. செயின் தொய்வு பார்க்கும்போது ஒருத்தரை வண்டிமேல உட்கார வைங்க. ஆள் உட்கார்ந்ததும் செயின் விறைச்சா அளவுக்கு மீறி இறுக்கியிருக்கீங்க, கியர்பாக்ஸ் பேரிங் போயிடும்.

பதில் 3:
வாங்கும்போது டியூப்லெஸ் ஸ்போக் வீலே கேளுங்க. டியூப் வீல்னா, டயர் ஓட்டையில செருகுற பஞ்சர் குச்சி உதவாது. டயர் கழட்டுற லீவர் இரண்டு, பம்ப், முன்சக்கரத்துக்கான 21 இன்ச் டியூப் ஒண்ணு கையில இருக்கணும். அவசரத்துக்கு அதையே 17 இன்ச் பின்சக்கரத்துலயும் மடிச்சுத் திணிச்சு ஊர் போய்ச் சேரலாம்.

ஜிஎஸ்-ல இருந்த பழைய அலுமினிய லக்கேஜ் பெட்டியை மாட்டாதீங்க ப்ரோ. எடை பின் அச்சுக்குப் பின்னால போனா முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். துணிப்பை போதும், கனமானதைச் சீட்டை ஒட்டிக் கட்டுங்க. பிறகு பின் ஸ்பிரிங் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவை) கூட்டுங்க.