நகல் காப்பா, காப்பு நகலா?

காட்பாடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். நூலகக் குறுவட்டுகளுக்கான விளக்கச் சீட்டில் ‘காப்பி புரொடெக்‌ஷன்’ என்பதற்கு ‘நகல் காப்பு’ என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

பேக்கப்புக்குக் ‘காப்பு நகல்’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதை முன்பின்னாகப் புரட்டினால் பொருள் நேரெதிராகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ள எடுப்பது காப்பு நகல். எடுக்கவே விடாமல் செய்வது நகல் காப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு முதலாவதை அனுமதிக்கிறது: கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ உதவ ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை உடைத்தால் அதே சட்டத்தின் 65ஏ பிரிவு வரும். ஒரு பக்கம் உரிமை, மறுபக்கம் சிறை. இரண்டுக்கும் ஒரே சொற்களா?

‘நகல் தடுப்பு’ என்று முன்மொழிகிறேன்.

ஆற்காட்டிலிருந்து:

> ‘நகல் தடுப்பு’ என்று முன்மொழிகிறேன்.

பாதிதான் பொருந்தும். பழைய கணினி விளையாட்டுக் குறுவட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்க வைத்த சேஃப்டிஸ்க் வகைக்குச் சரி. குறுவட்டில் தரவு செக்டர் என்னும் துண்டுகளாக இருக்கும். ஒரு செக்டரில் 2352 பைட்டு; அதில் தரவு 2048, மீதியில் பெரும்பகுதி பிழை கண்டறியவும் திருத்தவும். தயாரிப்பாளர் சில செக்டர்களில் இந்தப் பிழைத்திருத்தப் பகுதியை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார். வட்டின் தரவை ஒரே கோப்பாக எடுக்கும் சாதாரண ஐஎஸ்ஓ கோப்பில் 2048 மட்டுமே சேரும். திரும்ப எழுதும்போது ரைட்டர் பிழைத்திருத்தத்தைப் புதிதாகக் கணக்கிட்டுச் சரியாகவே எழுதிவிடும். விளையாட்டு அந்த இடத்தைப் படித்துப் பார்க்கும். பிழை வராவிட்டால் நகல் என்று முடிவு கட்டும். அசலைவிடச் சுத்தமாக இருப்பதுதான் நகலைக் காட்டிக்கொடுக்கிறது!

2352 பைட்டையும் அப்படியே எடுத்தால் போதுமே என்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். 8 பிட்டை 14 ஆக மாற்றி, நடுவே 3 இணைப்பு பிட் சேர்த்துத்தான் குறுவட்டில் எழுதுகிறோம். சில தரவு வரிசைகளுக்கு அந்த இணைப்பு பிட்டுகளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் வட்டில் பிட்டுகளைக் குறிக்கும் மேடு பள்ளங்களின் சமநிலை குலைந்து செக்டர் படிக்கவே வராது. ஆலைக் கருவி அதைச் சமாளித்தது. மலிவு ரைட்டர்கள் தடுமாறின.

டிவிடியில் 1996இல் வந்த சிஎஸ்எஸ் என்ற குறியாக்க முறையின் கதை வேறு. அது தடுப்பது நகலை அல்ல, ஓட்டுவதை. படம் ‘தலைப்புச் சாவி’ என்ற ரகசிய எண்ணால் குலைக்கப்பட்டிருக்கும்; அந்தச் சாவி வட்டுச் சாவிக்குள்; வட்டுச் சாவியோ, வட்டின் உள்விளிம்புப் பகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட பிளேயர் சாவிகளால் தனித்தனியாகப் பூட்டி எழுதப்பட்டிருக்கும். பிளேயருடன் அடையாளச் சோதனை முடியும்வரை டிரைவ் குலைக்கப்பட்ட செக்டர்களைத் தராது. கோப்பை நேரே இழுத்தால் படிப்புப் பிழை வருவது அதனால்தான். சோதனை முடிந்தபின் இழுத்தால் முழுதும் வரும். ஆனால் கடையில் கிடைக்கும் வெற்று டிவிடியான டிவிடி-ஆரில் சாவிக்குரிய இடம் எழுத முடியாதபடி அடைக்கப்பட்டிருக்கிறது. ஆக, நகல் கிடைக்கும்; ஓடாது. இதை எப்படி ‘நகல் தடுப்பு’ என்பது? ‘இயக்கப் பூட்டு’ என்கிறேன். புளூ-ரே வட்டுகளில் 128 பிட் சாவி வைத்துப் பூட்டும் ஏஏசிஎஸ் முறைக்கும் அதுவே.

வட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று குறிக்கும் மண்டல எண்ணை (இந்தியாவுக்கு 5) இதில் கலக்க வேண்டாம். டிரைவில் அதை ஐந்து முறைதான் மாற்றலாம். கடைசியாக வைத்ததே நின்றுவிடும். அது ‘மண்டலப் பூட்டு’.

குடியாத்தத்திலிருந்து:

பூட்டு, தடுப்பு எல்லாம் சரி. வேலூர்க் கோட்டையை வைத்துக்கொண்டு ‘அரண்’ என்ற சொல்லை விடலாமா? மதிலும் அகழியும் சேர்ந்ததுதான் அரண். இங்கேயும் அடுக்கடுக்காகத்தானே இருக்கிறது? ‘நகலரண்’ என்று பாருங்கள்.

இன்னொன்று. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க் டிரைவரைப் பாதுகாப்புக் குறை காரணமாகச் சேர்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டே ஓடாமல் போயிற்று. மன்னனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு என்று நம்மூரைக் கேலி செய்வார்களே, அந்தப் பட்டியலில் திறப்பாரில்லாப் பூட்டையும் சேர்க்கலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

‘நகலரண்’ வேண்டாம் ஐயா. அரண் தன்னுள் இருப்பதைக் காப்பது. கேட்பவர் நகலைக் காக்கும் கோட்டை என்றே எடுத்துக்கொள்வார். காட்பாடி நண்பர் காட்டிய குழப்பம் திரும்பவும் வரும்.

உடைப்பதற்கு என்ன சொல் என்பது எனக்கு அதைவிட முக்கியம். வரைவில் ‘தடை மீறல்’ என்றிருக்கிறது. அது தீர்ப்பையே சொல்லிவிடுகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு தடையைக் கடப்பவருக்கே இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகக் கடந்தால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விலக்களிக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில், அணுகலைத் தடுக்கும் பூட்டை உடைப்பதே தனிக் குற்றம். அங்கே விலக்குகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நார்வேயில், சிஎஸ்எஸ்ஸை உடைத்த டிசிஎஸ்எஸ் நிரல் தொடர்பான வழக்கில் யோன் யோஹான்சன் 2003இல் விடுதலையானார். தான் வாங்கிய வட்டைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். செயல் ஒன்று, விளைவு மூன்று. சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

‘தடை கடத்தல்’ என்றால் சந்தனக்கட்டை நினைவு வரும். ‘தடை நீக்கம்’ அரசாணை போலிருக்கிறது. ‘தடை தாண்டல்’ ஓட்டப்பந்தயத்தில் இருக்கிறது. இருக்கட்டும், தாண்டுவது அங்கே குற்றமில்லை.

சீட்டில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பிறர் தடை தாண்ட உதவுபவர், உதவி பெறுபவருடைய பெயர், முகவரி, அடையாள விவரம், நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் முழுமையாக எழுதி வைக்க வேண்டும். விலக்கு அந்த நிபந்தனையோடுதான் வருகிறது. நூலக மேசையில் ஒரு நோட்டுப் போதும். ஆனால் அது இருக்க வேண்டும்.

‘திருட்டு விசிடி’யை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டைச் சேர்த்தபோது அந்தச் சொல் ஏற்கெனவே ஊர் வாயில் இருந்தது.

காட்பாடியிலிருந்து:

ஆற்காட்டுப் பிரிவினையை ஏற்கிறேன். சீட்டில் இப்படிப் போகும்: சேஃப்டிஸ்க் வகைக்கு நகல் தடுப்பு, சிஎஸ்எஸ், ஏஏசிஎஸ் இரண்டுக்கும் இயக்கப் பூட்டு, மண்டல எண்ணுக்கு மண்டலப் பூட்டு, சட்டம் பேசும்போது எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தொழில்நுட்பத் தடை, உடைப்பதற்குத் தடை தாண்டல். ‘காப்பு’ பேக்கப்புக்கு மட்டும்.

சந்தி ஒன்று பாக்கி. லகரத்தின் பின் தகரம் வந்தால் ‘நகற்றடுப்பு’ ஆக வேண்டுமே?

குடியாத்தத்திலிருந்து:

கல் + தூண் கற்றூண் ஆகலாம். ‘நகல்’ அரபியிலிருந்து உருது வழியாக வந்து பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்த சொல். அதற்குப் போய்ப் பூணூல் மாட்ட வேண்டாம். இடம் விட்டு ‘நகல் தடுப்பு’ என்றே எழுதுங்கள்.