நகாட்டாவுக்கு எத்தனையாவது இடம்? தரவரிசைக்கு உதவி தேவை

நண்பர்களே, ஓய்வு பெற்ற ஜப்பானியக் கால்பந்து வீரர்களின் பிரபலத்தைத் தரவரிசைப்படுத்தும்போது ஹிடெதோஷி நகாட்டாவிடம் வந்து கணக்கு இடிக்கிறது.

அவருடைய உச்சம் 1997 முதல் 2006 வரை. ஆசியாவின் சிறந்த வீரர் விருதை 1997, 1998 என அடுத்தடுத்து வாங்கினார். 2001 மே மாதம், இத்தாலிய லீக்கில் யுவென்டஸுக்கு எதிராக அவருடைய அணி ரோமா 0-2 எனப் பின்தங்கியிருந்தபோது, அணியின் நட்சத்திரம் டோட்டிக்குப் பதிலாக இறங்கி தூரத்திலிருந்து அடித்த அந்த கோலை யார் மறப்பார்? ஆட்டம் 2-2, அந்த சீசன் லீக் கோப்பையும் ரோமாவுக்கே. 29 வயதில், 2006 உலகக் கோப்பையோடு ஓய்வு.

ஆனால் விக்கிப்பீடியா பக்கப் பார்வைத் தரவு 2015 ஜூலையிலிருந்துதான் கிடைக்கிறது, கூகுளில் ஒரு பெயர் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் 2004இலிருந்து. அதனால் 2022இல் ஓய்வு பெற்ற ஷுன்சுகே நகாமுரா தானாக மேலே ஏறிவிடுகிறார். இது நியாயமே இல்லை.

டிரெண்ட்ஸில் வெறும் 'நகாட்டா' என்று தேடினால் இன்னொரு ஜப்பானிய வீரரான கோஜி நகாட்டாவும் கலந்துவிடுவார். தேடல் சொல்லை விட்டு, வீரரின் பெயரைத் 'தலைப்பு' வகையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் சில பெயர்களைத்தான் ஒப்பிடலாம், எண்களும் 0-100 என்ற ஒப்பீட்டு அளவுதான். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் ஒரு பொதுப் பெயரை வைத்து இணைக்கிறோம். பக்கப் பார்வையில் இயந்திர (bot) வருகைகளை நீக்கி, மாதச் சராசரிக்குப் பதில் இடைநிலையை (median, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுக்கிறோம். உலகக் கோப்பை மாதத் துள்ளல் அப்போது ஆளை ஏமாற்றாது.

கேட்க வேண்டியது இதுதான்: 1998-2003 காலத்து ஜப்பானிய, இத்தாலிய இதழ்களின் வாசகர் வாக்கெடுப்பு முடிவுகள் யாரிடமாவது உண்டா? இதழின் தேதியும் மொத்த வாக்குகளும் தெரிந்தால் போதும். ஜப்பானிய, இத்தாலிய, ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களுக்கு எந்த விகிதத்தில் எடை கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.