விளையாட்டுக் காயங்களுக்கு ஒரு அறுவை மருத்துவர் தேவை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் எலும்பியல் துறையில் இருக்கிறேன். ஆர்த்ராஸ்கோபியில் (சிறு துளை வழியே கேமரா விட்டு மூட்டில் செய்யும் அறுவை) ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி முடித்து, பாடமும் நடத்த விரும்பும் ஒருவரை 8 மாதமாகத் தேடுகிறோம். இருவர் வந்து பார்த்தார்கள். இருவருமே சென்னையில் தனியார் வேலைக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் ஓ.பி.யில் கபடி ஆடும் பிள்ளைகள் அதிகம். ஊன்றிய காலில் உடம்பு திரும்பும்போது முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்துவிடும். ஊரில் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்பார்கள். வீக்கம் வடிந்து நடக்க முடிந்ததும் சரியாகிவிட்டதென்று மறுபடி களமிறங்குகிறார்கள், அடுத்து மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிகிறது. அறுவை செய்துகொண்டவர்களும் 9 மாதம் ஆகுமுன் ஆடப்போனால் மறுபடி காயப்படும் ஆபத்து கூடுதல். அதனால் கத்தியை வைத்துவிட்டுப் போகாமல், பிசியோதெரபிஸ்ட்டோடு சேர்ந்து அந்த 9 மாதமும் கூட நிற்கிறவர் வேண்டும். ஒரு பையன் மாவட்ட அணியை விட்டுவிட்டு வேலைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எம்.எஸ். அல்லது டி.என்.பி. மேற்படிப்பு முடித்து, அதன்பின் சீனியர் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பணி 1 ஆண்டு பார்த்திருந்தால் உதவிப் பேராசிரியராக எடுக்கலாம். கார்ப்பரேட் சம்பளம் தர இயலாது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் 1 நாள் ஆய்வுக்கென்று டீனிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

கல்லூரிப் பணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொல்லுங்கள்: உங்களை வரவைத்தது எது? சம்பளமா, அறுவை எண்ணிக்கையா, துணைவருக்கு அதே ஊரில் வேலையா? ஃபெலோஷிப் முடிக்கப்போகும் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், நானே பேசுகிறேன்.